கூண்டில் இறங்கிய மலைக்காரன்

எங்கள் ராசிங்காபுரத்துக்கும் சமுத்திரத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் கிடையாது. மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் தோட்டமும் மானாவாரிக் காடும், நடுவில் நாங்கள். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் பஸ்ஸில் வந்து எங்கள் ஊரில் இறங்கி, "கடல் எந்தப் பக்கம்?" என்று யாரையாவது நீங்கள் விசாரித்தால், அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு, "சாப்பிட்டாச்சா?" என்று பரிவுடன் கேட்பார்.

சுறாமீனை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனால் அது எங்களிடம் வரும்போது உப்பைப் பூசிக்கொண்டு கருவாடாக வரும். பிரசவித்த பெண்களுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று பால்சுறாவை வாங்கி, வேக வைத்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் சேர்த்துப் புட்டுச் செய்வார்கள். ஆகவே, எங்கள் ஊரில் சுறாவுக்கும் மனிதருக்கும் இருந்துவந்த உறவு மிகத் தெளிவானது. சாப்பிடுகிற கட்சி எது, சாப்பிடப்படுகிற கட்சி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், என்னுடைய 57ஆவது வயதில், தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இந்து மகா சமுத்திரத்தில் ஓர் இரும்புக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, உயிருள்ள சுறாக்களை இரண்டு முழத் தூரத்தில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இந்தச் செய்தி பரவிய நாள் முதல், தேநீர்க் கடைக்குப் போனால் எனக்கு முன்பு இல்லாத மரியாதை கிடைத்து வருகிறது. சிலர் மட்டும், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். காரணம் என் மகள்.

மகள் தூத்துக்குடியில் மீன்வளப் படிப்புப் படித்தவள். பிறகு மேற்படிப்புக்கென்று டர்பன் நகரத்துக்குப் போனாள். ஒரு வருஷம் கழித்து அவளிடமிருந்து தகவல் வந்தது. சுறாக்களின் நடத்தையை ஆராயும் வேலை ஒன்றுக்கு அவளைக் கேட்கிறார்களாம். மூன்று வருஷ ஒப்பந்தமாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சம்மதமா என்று கேட்டிருந்தாள். சோதனையாக, அதே வாரத்தில் சின்னமனூரிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்திருந்தது. பையனுக்குப் பாங்கியில் உத்தியோகம். "பொண்ணு என்ன செய்யுது?" என்று பையனின் தாயார் கேட்டார். "சுறா பார்க்கிறாள்" என்றேன். அந்த அம்மாளுக்குச் செவி கொஞ்சம் மந்தம். "சோறா? நல்லதுதானுங்களே! சமைக்கத் தெரிஞ்ச பொண்ணு இந்தக் காலத்துலே எங்கே கிடைக்குது?" என்று பரம திருப்தியுடன் சொன்னார். விஷயம் விளங்கிய பிறகு அவருடைய திருப்தி வெகுவாகக் குறைந்துவிட்டது.

வீட்டில் மூன்று நாள் விவாதம் நடந்தது. என் தாயார், "ஆத்தி! மலையடிவாரத்துலே பொறந்த பிள்ளைக்குக் கடலுக்குள்ளே என்ன சோலி?" என்று ஆரம்பித்து அதிலேயே முடித்தார். என் மனைவி அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க. நீங்க இறங்குன தண்ணியிலே அவ இறங்கட்டும். நீங்க இறங்காத தண்ணியிலே எம் பொண்ணு இறங்க வேண்டாம்" என்றாள். ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பாக இருந்தால் அப்பீல் உண்டு. இதற்கு அப்பீல் கிடையாது.

மே மாதத்தில் ஏலத்தோட்டத்தில் காய்ப் பறிப்பு இல்லை. கையில் கொஞ்சம் பணம் இருந்தது. நீச்சலும் தெரியும், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கமலைக் கிணற்றில் கற்றுக்கொண்ட நீச்சல். புறப்படும் நாளில் என் தாயார், வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் கயிறு ஒன்றை என் மணிக்கட்டில் கட்டிவிட்டார். "மகளுக்கும் ஒண்ணு கொண்டு போ" என்று இன்னொன்றையும் முடிந்து கொடுத்தார்.

கயிறு என்றதும் ஒரு பழைய சமாசாரம் ஞாபகம் வருகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் 'கடல்கட்டி' என்று ஓர் உத்தியோகஸ்தர் உண்டு. சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டிப் போடுவது அவர் தொழில். அவர் உத்தரவு சொல்லாமல் முத்துக்குளிக்கிறவர் தண்ணீரில் இறங்கமாட்டார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதைக் குறித்து எழுதியிருக்கிறார். எடுக்கும் முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மீன்களைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டுந்தான். இரவானதும் அதை அவிழ்த்துவிடுவார்களாம். இதில் எவ்வளவு விவேகம் இருக்கிறது பாருங்கள்! இரவில் திருட்டுத்தனமாக முத்தெடுக்க வருகிறவனைச் சுறா பார்த்துக்கொள்ளும். சம்பளம் இல்லாத காவற்காரன். தூத்துக்குடியில் கடைசியாக 1961ஆம் வருஷம் முத்துக் குளித்தார்கள். அதோடு அந்த மந்திரத்துக்கும் வேலை இல்லாமற் போயிற்று.

பயம் என்பதும் எங்களுக்குப் புதிய சரக்கு அல்ல. ராசிங்காபுரத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பனிமூட்டத்தில் ஏலச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பத்தடிக்கு அப்பால் நிற்பது பாறையா யானையா என்று கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். சின்னக்கானல் பக்கத்தில், வீட்டின் மாடித் தளத்தின்மேல் குடில் போட்டு, இரவானால் அங்கே ஏறிப் படுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்குப் பூப்பாறைப் பக்கம் நாலு ஏக்கர் தோட்டம். அங்கேயும் ஒரு பரண் இருக்கிறது. யானை வருகிற நாட்களில் நாங்கள் பரண்மேல், யானை தோட்டத்தில். அந்தச் சமயங்களில் கூண்டுக்குள் இருப்பது யார், வெளியில் இருப்பது யார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அரிசிக்கொம்பன் கதையை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். சின்னக்கானல் வட்டாரத்தில் ரேஷன் கடையின் சுவரை இடித்து அரிசியை ருசி பார்த்த ஆண் யானை. 2023ஆம் வருஷம் ஏப்ரல் 29ந் தேதி அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பம் நகரத்துத் தெருவில் ஓடியது. ஜூன் 5ந் தேதி தமிழ்நாட்டு வனத்துறையார் மறுபடி பிடித்துக் களக்காடு-முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசென்றார்கள். ஒரு முறை வேகாத அரிசியின் ருசி நாக்கில் பட்டுவிட்டால் யானைக்கு மூங்கில் இனிப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து அனுபவம். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு; பின்னால் வருகிறது.

டர்பன் துறைமுகத்தில் 1860ஆம் வருஷம் நவம்பர் 16ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் வந்து நின்றது. சென்னையிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலில்தான் நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக முதன்முதலில் நேட்டாலில் இறங்கினார்கள். நான் தங்கிய வீட்டுக்காரர் அப்படி வந்த குடும்பங்களில் ஒன்றின் நாலாவது தலைமுறை. தமிழ் அவரிடம் சோற்றிலும் சாமியிலும் மிஞ்சியிருக்கிறது. 'ரசம்' என்பார், 'காவடி' என்பார்; மற்றதெல்லாம் ஆங்கிலம். அவருடைய பாட்டனார் கரைவலை இழுத்தவர். டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்ததில் நம்மவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப்போய்ச் சுறா வலைகளைப் பற்றிச் சொன்னார். டர்பனில் சுறாக்கள் குளிக்க வந்தவர்களைக் கடித்ததன் பேரில் 1952ஆம் வருஷம் முதன்முதலாக வலை போட்டார்கள். பின்பு 1957 டிசம்பர் முதல் சில மாதங்களில் தென்கரையில் வரிசையாக உயிர்கள் போயின. அதன் பிறகு 1964ல் சர்க்கார் இதற்கென்றே ஒரு வாரியம் ஏற்படுத்தியது. சுறா வலை என்றால் கடலுக்கு வேலி கட்டினாற்போல் இருக்கும் என்று நான் நினைத்திருந்தவன். அப்படியல்ல. ஒவ்வொன்றும் சுமார் 214 மீட்டர் நீளம், ஆறு மீட்டர் ஆழம்; கரைக்கு இணையாகத் துண்டு துண்டாகத் தொங்கும். சுறா மேலாகவும் வரலாம், கீழாகவும் வரலாம், சுற்றிக்கொண்டும் வரலாம். சிக்குகிற சுறாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கரைப் பக்கமிருந்து கடலுக்குத் திரும்புகிறபோது சிக்குகின்றனவாம்! அதாவது, வந்து பார்த்துவிட்டு, யாரையும் ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போகிறவை. வலையின் வேலை தடுப்பதல்ல. சுறாக்களைக் கொன்று எண்ணிக்கையைக் குறைப்பது.

வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய சிறு வயதில் அந்தக் கடற்கரை நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நல்ல மணலும் நல்ல காவலும் உள்ள இடங்கள் வெள்ளையருக்கு. "சுறா வராமலிருக்க வலை போட்டார்கள், நாங்கள் வராமலிருக்கப் பலகை போட்டார்கள். சுறாவாவது சில சமயம் தப்பி உள்ளே வந்துவிடும்" என்று சிரித்தார். 1980களின் முடிவில் அந்தப் பலகைகள் போயின. வலைகள் முழுதும் போகவில்லை.

டர்பனுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் உம்கோமாஸ் என்ற சிறு ஊர். அதன் எதிரே கடலுக்குள் ஐந்து கிலோமீட்டர் போனால் அலிவால் திட்டு என்ற பாறைத் திட்டு நீருக்கடியில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும், "இது நம்மூர்ப் பெயர் போல இருக்கிறதே!" என்றேன். நம்மூர்தான். 1846ல் ஆங்கிலேயருக்கும் சீக்கியருக்கும் யுத்தம் நடந்த பஞ்சாபுக் கிராமம் அலிவால். அதே பெயர் கொண்ட கப்பல் ஒன்று 1849ல் இந்தப் பாறையில் மோதவிருந்து தப்பியது. அதிலிருந்து திட்டுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

என் மகள் வேலை செய்யப்போகிற இடம் அதுதான். அதற்கு முன்னால், 'கூண்டு' என்பது யாருடைய யோசனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் ராட்னி பாக்ஸ் என்பவர், ஈட்டியால் மீன் குத்துவதில் சூரர். 1963ஆம் வருஷம் டிசம்பர் 8ந் தேதி, அல்டிங்கா கடற்கரையில் நடந்த ஒரு போட்டியின்போது வெள்ளைச் சுறா ஒன்று அவரை மார்போடு சேர்த்துக் கவ்விவிட்டது. 400க்கு மேற்பட்ட தையல்கள் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தவர் என்ன செய்வார்? கடற்கரைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றுதானே நினைப்போம்? இவர் மிருகக்காட்சிசாலைக்குப் போனார். கம்பிக்கு உள்ளே சிங்கம் இருந்தது; வெளியே ஜனங்கள் நிம்மதியாக நின்றார்கள். இதையே திருப்பிப் போட்டு, மனிதனை உள்ளேயும் மிருகத்தை வெளியேயும் வைத்தால் என்ன என்று தோன்றிற்றாம். அப்படிப் பிறந்தது சுறாக் கூண்டு. தம்மைக் கடித்த பிராணியைத் திரும்பப் போய் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியதே, அதைத்தான் நான் இன்றுவரை வியந்து வருகிறேன்.

நாங்கள் கடலுக்குச் சென்ற நாள் வானம் தெளிவாக இருந்தது. உம்கோமாஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரிய ரப்பர்ப் படகைத் தள்ளினார்கள். படகின் தரையில் வார்கள் தைத்திருந்தன. "அப்பா, காலை வாருக்குள்ளே நல்லா நுழைச்சுக்குங்க. அலை வர்றப்போ கயிறை விட்டுடாதீங்க" என்றாள் மகள். படகோட்டி சற்று நேரம் அலைகளையே எண்ணிக்கொண்டு நின்றார். திடீரென்று இரண்டு அலைகளுக்கு நடுவே படகை முடுக்கினார். ஒரு பச்சைச் சுவர் எதிரே எழுந்தது. படகு அதன் மேல் ஏறியது. பிறகு கீழே ஒன்றும் இல்லை. போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஆயுள் முழுதும் ஜீப்பில் போனவனுக்கு இது ஒரு பிரமாதமா என்று கேட்டால், பிரமாதந்தான். மலை வளைவு வளைந்த இடத்திலேயே இருக்கும்; இது எழுந்து வந்து நம்மை வளைக்கிறது.

திட்டுக்கு அருகில் படகை நிறுத்தினார்கள். அடுத்து நடந்ததை என் மனைவி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாது. துணி துவைக்கும் யந்திரத்தின் உருளை நம் வீடுகளில் இருக்கிறதல்லவா, துவாரம் துவாரமாக? அதே உருளையில் மத்தி மீன்களைத் திணித்துக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் தொங்கவிட்டார்கள். மீனெண்ணெய் ஒரு பாதை போல நீரோட்டத்தில் நீண்டது. கால்மணி நேரத்தில் முதல் சுறா வந்தது. மேலேயிருந்து பார்த்தபோது ஒரு பழுப்பு நிழல், அவ்வளவுதான். பிறகு இரண்டு, நாலு, எட்டு.

இவற்றுக்குக் கருநுனிச் சுறா என்று பெயர். துடுப்புகளின் நுனியில் மை தொட்டாற்போல் கறுப்பு இருக்கும். ஆள் நீளத்துக்கு வளரும். சில அதற்கும் மேலே. வெள்ளைச் சுறாவைப்போல் பயங்கரப் புகழ் இவற்றுக்கு இல்லை. ஆனால் ஆறடி நீளச் சுறா ஒன்று தன்னை நோக்கி வரும்போது, அதன் புகழ் எவ்வளவு என்று யாரும் விசாரிப்பதில்லை.

கூண்டு படகின் பக்கத்தில் மிதவைகளைக் கட்டிக்கொண்டு நின்றது. ரப்பர் அங்கி, கண்ணாடி முகமூடி, வாயில் கவ்விக்கொள்ள ஒரு மூச்சுக் குழாய். மூன்று பேர் இறங்கலாம். மகள் எனக்குப் பக்கத்தில் இறங்கினாள். கம்பியை உட்பக்கமாகப் பிடிக்க வேண்டும். கையை வெளியே நீட்டக் கூடாது. இந்தக் கடைசி உபதேசம் எனக்கு அவசியமே இல்லை.

முகத்தை நீருக்குள் அமிழ்த்தியவுடன் எனக்கு முதலில் கேட்டது என் சொந்த மூச்சு. கொல்லன் துருத்தியைப்போல் அது ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரே நீலம், அடி தெரியவில்லை. எங்கள் கிணற்றில் எவ்வளவு ஆழம் இருந்தாலும் நாலு சுவர் உண்டு. இங்கே சுவர் இல்லை, தரை இல்லை. உண்மையைச் சொன்னால், சுறாவைப் பார்ப்பதற்கு முந்திய அந்த அரை நிமிஷந்தான் அன்றைக்கு எனக்கு மிகவும் கஷ்டமான அரை நிமிஷம். ஏலக்காட்டுப் பனிமூட்டத்தில் யானையின் வாசனை மட்டும் அடிக்கும்போது இருக்குமே, அதே கஷ்டம்.

பிறகு நீலத்திலிருந்து ஒன்று உருவாகி வந்தது. 'வந்தது' என்பது சரியான வார்த்தையல்ல. முதலில் அது இல்லை. பிறகு அது இருந்தது. முதுகு வெண்கலத்தைத் தேய்த்தாற்போல் மின்னியது, வயிறு வெளுப்பு, விலாவில் ஒரு வெள்ளைக் கோடு. கம்பிக்கு இரண்டு முழத்தில் திரும்பியபோது அதன் மூக்கைப் பார்த்தேன். மிளகுத் தூளைத் தூவினாற்போல் சின்னஞ்சிறு துவாரங்கள். அவற்றை லோரென்சினி என்ற இத்தாலியர் 1678லேயே விவரித்து எழுதியிருக்கிறாராம். அவை எதற்கு என்பது வெகு காலத்துக்குப் பிறகு விளங்கிற்று. உயிருள்ள பிராணிகளின் தசை அசையும்போது உண்டாகும் மிக நுட்பமான மின்சாரத்தை அந்தத் துவாரங்கள் உணருமாம். அப்படியானால் என்னிடம் அந்தச் சமயத்தில் அதற்கு வேண்டிய மின்சாரம் தாராளமாக இருந்திருக்கும்.

ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை. அதை நான் எப்படிச் சொல்வேன்! 57 வருஷம் வாழ்ந்து, நாலு ஏக்கர் தோட்டத்துக்குச் சொந்தக்காரனாகி, மூன்று விமானம் மாறி வந்திருக்கிற ஒரு மனிதனை அது ஒரு பொருளாகவே மதிக்கவில்லை. அதன் கவனமெல்லாம் உருளைமேல் இருந்தது. உருளையை நெருங்கும்போது கண்ணின் மேல் ஒரு வெண்மையான இமை கீழிருந்து ஏறி மூடிக்கொள்ளும், முட்டும், விலகும், இமை இறங்கும். ஒன்றை ஒன்று இடிக்காமல், ஒன்றன் வழியை ஒன்று விட்டு, சந்தைக்கு வந்த பெரிய மனிதர்கள் போலச் சுற்றிச் சுற்றி வந்தன. எனக்கு எப்போது மூச்சு சீரானது என்று தெரியவில்லை. மகள் என் தோளைத் தொட்டு விரலால் காட்டியபோதுதான், நான் கம்பியைப் பிடித்திருந்த பிடி தளர்ந்திருப்பதைக் கவனித்தேன்.

இருபது நிமிஷம் கழித்துப் படகில் ஏற்றினார்கள். சர்க்கரை போட்ட தேநீர் கொடுத்தார்கள். "எப்படிப்பா இருந்தது?" என்றாள். "பார்க்கலாம்" என்றேன். பிறகு, மனத்தில் இருந்ததைக் கேட்டேன். "தாயி, நாம்தானே இதுகளுக்குத் தீனி வைத்துக் கூப்பிட்டோம்? அரிசிக்கொம்பனுக்கு அரிசி ருசி தெரிஞ்சதினாலே நம்ம பக்கம் என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும். நாளைக்கு இதுகள் படகைக் கண்டாலே மத்தி, மனுஷனைக் கண்டாலே மத்தின்னு நினைச்சா?"

அவள் சிரிக்கவில்லை. "அதைக் கண்டுபிடிக்கத்தான்பா என்னைக் கேட்கிறாங்க" என்றாள். தீனி வைத்த நாளில் எத்தனை சுறா வருகின்றன, வைக்காத நாளில் எத்தனை, வந்தவையே திரும்ப வருகின்றனவா, எவ்வளவு நேரம் தங்குகின்றன என்று மூன்று வருஷம் கணக்கெடுக்க வேண்டும். இது உலகத்தில் பல இடங்களிலும் தர்க்கத்தில் இருக்கிற விஷயம். மெக்ஸிகோ சர்க்கார், குவாதலூப்பே தீவுக்கு அருகில் நடந்துவந்த கூண்டு முழுக்கை 2023 ஜனவரியில் அடியோடு தடை செய்துவிட்டது. கேப் டவுன் பக்கத்தில் கான்ஸ்பாய் என்ற ஊர், வெள்ளைச் சுறாவைக் காட்டியே ஜீவித்த ஊர். அங்கே 2017 முதல் இரண்டு கொலைகாரத் திமிங்கிலங்கள் வந்து, வெள்ளைச் சுறாக்களைக் கொன்று ஈரலை மட்டும் தின்றுவிட்டுப் போக, மற்றச் சுறாக்களெல்லாம் இடத்தைக் காலி செய்துவிட்டன. சுறாவுக்கும் பயம் உண்டு என்பது எனக்குப் புதிய சமாசாரமாக இருந்தது.

"மனுஷனாலே?" என்று கேட்டேன். அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். உலகம் முழுவதிலும் சுறாவால் வருஷத்துக்கு இறக்கிறவர்கள் பெரும்பாலும் 10 பேருக்குள். மீன்பிடியில் மனிதனால் இறக்கும் சுறாக்கள் ஏறக்குறைய 8 கோடி. நம் தேசத்தில் யானைகளால் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 500 பேர் இறக்கிறார்கள்; ஆனாலும் நாம் பிள்ளையாரைக் கும்பிடுவதை நிறுத்தவில்லை. சுறாவுக்குத்தான் கோவில் கட்ட ஆள் இல்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் சுறாத் தூண்டில் போடுவதில் பெயர் பெற்றவர்கள். "அவங்க பிழைப்பையும் சேர்த்துத்தான் யோசிக்கணும்பா" என்றாள். இந்தியாவில் 2001ஆம் வருஷம் எல்லாச் சுறாக்களையும் பிடிக்கக் கூடாதென்று தடை போட்டு, மீனவர்கள் ஆட்சேபித்ததன் மேல் சில மாதங்களில் தடையைச் சில இனங்களுக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டார்கள். நம் மீனவர் 'கொம்பன் சுறா' என்று அழைக்கும் சுத்தித்தலைச் சுறாவைப் பற்றியும் ஏதோ சொன்னாள். என் காதில் 'கொம்பன்' என்ற வார்த்தை மட்டும் விழுந்து, மனம் பூப்பாறைக்குப் போய்விட்டது.

"நீங்க மறுபடி கூண்டுக்குள்ளே போங்கப்பா. நான் என் வேலையைப் பார்க்கணும்" என்றாள்.

கூண்டில் இறங்கினேன். இந்தத் தடவை பக்கத்தில் அவள் இல்லை. நீருக்குள் முகத்தை வைத்துத் தேடினேன். கூண்டுக்கு வெளியே, உருளைக்குச் சற்றுத் தள்ளி, மகள் இருந்தாள். முதுகில் காற்றுக் குடுவை, கையில் ஒரு பலகையும் காமிராவும், கறுப்புக் கையுறை. வெளுத்த உள்ளங்கை மத்தி வயிறு போல் மின்னக் கூடாது என்பதற்காகக் கையுறையாம். அவளுக்கு முதுகுப் பக்கமாக இன்னொருவர் காவலாக நின்றார். அலிவால் திட்டில் கருநுனிச் சுறாக்களுடன் கூண்டில்லாமல் முழுகுவது வெகு நாளைய வழக்கம் என்று முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள். காதால் கேட்பது வேறு.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்னைச் சுற்றி இரும்பு. அவளைச் சுற்றி சுறா. பதினொன்று எண்ணினேன். அவள் தலைக்கு மேலே ஒன்று போயிற்று. அவள் நிமிர்ந்து பார்த்துப் பலகையில் எதையோ எழுதினாள். இன்னொன்று நேராக அவளை நோக்கி வந்தது. அவள் நகரவில்லை; கைகளை மார்போடு வைத்துக்கொண்டு அதன் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். இரண்டு கஜத்தில் அது விலகிப் போயிற்று. அதன் முதுகுத் துடுப்பில் ஒரு பழைய வெட்டு இருந்தது. அதைப் படம் பிடித்தாள். அந்த வெட்டுத்தான் அதன் அடையாளம். ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓர் அடையாளமும் நம்பரும் வைத்திருக்கிறாளாம். ஆறு வயதில் போடி சந்தைக் கூட்டத்தில் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் இவள். அங்கே அவள் மணிக்கட்டில், ரப்பர் அங்கியின் விளிம்புக்கு வெளியே, மஞ்சளாக ஏதோ தெரிந்தது. வீரபாண்டிக் கயிறு.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தேன். என் தாயார்தான் எடுத்தார். "கூண்டு கெட்டியா இருந்துச்சா?" என்று கேட்டார். "கெட்டிதான்" என்றேன். என் மனைவி வாங்கிக்கொண்டாள். அவளிடம் முழுவதையும் சொன்னேன். நான் இறங்கிய தண்ணீரில்தான் மகள் இறங்குகிறாள் என்றும், ஆனால் நான் நின்ற கூண்டுக்குள் அவள் நிற்கவில்லை என்றும் சொன்னேன்.

வெகு நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அவ முதுகுக்குப் பின்னாலே எப்பவும் ஆள் இருக்குமா?" என்று கேட்டாள்.

"எப்பவும் இருக்கும். ஆள் இல்லாமே இறங்கக் கூடாதுன்னு விதி."

"பார்க்கிறப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"அவ பயப்படலே. அசட்டுத் தைரியமும் படலே. தோட்டத்துலே யானை நிக்கிறப்போ நம்ம மூத்த கங்காணி எப்படி நிப்பாரோ, அப்படி நின்னா."

மறுபடியும் சற்று மௌனம். "சின்னமனூர்க்காரங்க நேத்தும் ஆள் விட்டிருந்தாங்க. என்ன பதில் சொல்ல?"

"மூணு வருஷம் பொறுக்க முடியுமான்னு கேளு. முடியாதுன்னா வேறே இடம் பார்த்துக்கச் சொல்லு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, மகளுக்குக் கொடுத்தனுப்பிய ஏலக்காய் டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை என்றும், கடற்காற்றில் நமுத்துப் போகும் முன் வேறு டப்பாவுக்கு மாற்றச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

சின்னமனூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். மகள் ஜூன் மாதத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். துடுப்பில் வெட்டு விழுந்த அந்தச் சுறா, தீனி வைக்காத நாளிலும் இரண்டு முறை வந்ததாகப் போன வாரம் எழுதியிருக்கிறாள்.